ஷட்டருக்கு வெளியே நின்ற கிறிஸ்துமஸ் தாத்தா

அப்பாவின் தாடியில் மைதாப் பசையின் புளித்த வாடை அடிக்கும். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தப் பசையில் அம்மா துளி மயில்துத்தம் போட்டுக் காய்ச்சியிருந்ததால், புளிப்போடு செப்புக் காசை நாக்கில் வைத்தது போன்ற ஒரு நெடியும் சேர்ந்து வரும். பழைய பனியன் துணியைப் பிறை போல வெட்டி, மருந்துக்கடைப் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து அதில் ஒட்டி, இரண்டு முனையிலும் பாவாடை எலாஸ்டிக் வைத்துத் தைத்த தாடி அது. டிசம்பர் முதல் வாரத்தில் எங்கள் வீட்டுக் கொடியில் அது காய்ந்துகொண்டிருந்தபோது, செத்த கொக்கு என்று நினைத்துத் தெருப்பிள்ளைகள் கல்லெறிந்தார்கள்.

எனக்கு அப்போது பதினோரு வயது. எண்பதுகளின் பின்பாதி. வடக்கனந்தலுக்குச் சற்றுத் தள்ளி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே முப்பது வீடுகள் கொண்ட தெரு எங்களுடையது. எல்லாமே தாத்தன் காலத்தில் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பங்கள். மேற்கே கல்வராயன் மலை எப்போதும் நின்றுகொண்டிருக்கும். கிழக்கே போகும் பஸ் கள்ளக்குறிச்சிக்குப் போகும். அம்மா கரும்பு வெட்டப் போவாள். அப்பா பாக்கியநாதன், கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஒரு "பேன்சி ஸ்டோரில்" வேலை செய்தார். வளையல், ரிப்பன், பொம்மை, பவுடர் டப்பா, சீசனுக்குத் தகுந்தாற்போல் பட்டாசு, பொங்கல் வாழ்த்து, கிறிஸ்துமஸ் "ஸ்டார்" எல்லாம் விற்கிற கடை.

அந்த வருடம் சரக்கு எடுக்க மெட்ராஸ் போயிருந்த முதலாளி, அங்கே ஒரு பெரிய கடை வாசலில் சிவப்பு அங்கியும் வெள்ளைத் தாடியுமாக ஓர் ஆள் மணியாட்டிக்கொண்டு நிற்பதையும், அவனைப் பார்க்க வந்த பிள்ளைகள் அப்பா அம்மாவை உள்ளே இழுத்துக்கொண்டு போவதையும் பார்த்துவிட்டு வந்தார். வந்த மறுநாளே தையற்காரரிடம் பளபளக்கும் சிவப்பு சாட்டின் துணியைக் கொடுத்தார். கடையில் வேலை செய்த நான்கு பேரில் அப்பா ஒருவர்தான் வேதக்காரர். "ஒங்க சாமி பண்டிகைதானடா பாக்கியம், நீயே போட்டுக்க. தாடி மட்டும் வூட்டுல செஞ்சி எடுத்தாந்துடு" என்று சொல்லிவிட்டார்.

அப்பா கூச்ச சுபாவம் உள்ளவர். கோயிலில் கூடத் தூண் மறைவில் நின்றுதான் பூசை காண்பார். திருவருகைக் காலம் தொடங்கிய நாளிலிருந்து கிறிஸ்துமஸ் வரை டீ குடிக்க மாட்டார். அது அவருடைய ஒறுத்தல், யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார். அப்படிப்பட்டவர் நடுத்தெருவில் மணியாட்டிக்கொண்டு, "வாங்க, வாங்க, ஸ்டாரு, பொம்ம, கேக்கு டப்பா எல்லாம் கம்மி வெல" என்று கூவினார். முதல் நாள் வீட்டுக்கு வந்து, கால் கழுவிவிட்டு உட்கார்ந்தவர், "ஏசு பொறந்ததுக்கு நான் இன்னாத்துக்கு வேசம் கட்டிக்கினு ஆடணும்?" என்றார், யாரிடமும் இல்லாமல். "வயித்துக்குத்தான்" என்றாள் அம்மா. எனக்கோ பெருமை தாங்கவில்லை. கடையில் தொங்கிய ஐந்து நிற பல்பு வைத்த பெரிய நட்சத்திரத்தை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று நான் அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கரண்டு கிடையாது என்பது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சாமியார் சொன்னார்: "பாலன் பொறக்க எடம் கேட்டப்ப சத்திரத்துல எடம் இல்லைன்னாங்க. இன்னைக்குக் கடைக்குக் கடை அவருக்கு எடம் குடுத்திருக்காங்க. நம்ம வீட்டுலதான் இல்ல." சாமியார் அப்பாவை நினைத்துச் சொல்லவில்லை, ஆனால் தெருவே திரும்பித் தூணைப் பார்த்தது. அப்பா குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இடம் என்ற சொல் அப்போது எங்கள் பக்கத்தில் எல்லோர் வாயிலும் இருந்தது. படிப்பிலும் அரசாங்க வேலையிலும் தங்கள் சனத்துக்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்று, எங்களைத் தள்ளி வைத்திருந்த ஊர்த்தெருக்காரர்கள் சாலையை மறித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்பதை நான் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் சத்தங்கள்தான்: சாலையோரப் புளியமரத்தில் விடியற்காலையில் விழும் கோடாலியின் சத்தம், மரம் சாயும்போது எழும் நீண்ட முனகல், பஸ் கண்ணாடி நொறுங்கும் சத்தம், அதற்குப் பிறகு போலீஸ் லாரியின் சத்தம். மறியலை மீறிக் கரும்பு வெட்டப் போனார்கள் என்று பக்கத்து ஊரில் எங்கள் சனத்தின் குடிசைகள் எட்டுப் பத்து எரிந்தன. அம்மாவின் தம்பி அந்தோணி மாமா அன்று வேலைக்குப் போன வழியில் மண்டை பிளந்து, பத்து நாள் படுத்துக் கிடந்தார். எழுந்ததிலிருந்து அவர் வேறு ஆளாகிவிட்டார். கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே, "ஒருத்தன் கெடச்சா போதும்" என்பார்.

எங்களுக்கென்றும் ஒன்றும் இல்லை. வேதத்தில் சேர்ந்ததால் எங்கள் சனத்துக்கு இருந்த சலுகையும் எங்களுக்கு இல்லாமல் போயிருந்தது. "அவுங்களுக்கும் எடம் இல்ல, நமக்கும் எடம் இல்ல. இல்லாதவன் இல்லாதவன அடிச்சிக்கினு கெடக்கறோம்" என்று அப்பா ஒருமுறை சொன்னபோது, அந்தோணி மாமா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது, மறியல் ஓய்ந்துவிட்டது என்று சொன்னார்கள். அரையாண்டு விடுமுறை. அப்பா சாப்பாட்டுத் தூக்கை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்ததால், அம்மா அதை என்னிடம் கொடுத்து டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கடை வாசலில் அப்பா சிவப்பு அங்கிக்குள் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். தாடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, "உள்ள போய் உக்காரு லூர்து, இந்தக் கூட்டம் போனதும் சாப்பிடலாம்" என்றார். நான் உள்ளே போய் அந்த நட்சத்திரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பஸ் நிலையத்துப் பக்கமிருந்து ஒரு இரைச்சல் கிளம்பி, தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. கடைக்காரர்கள் ஷட்டரை இழுக்கும் சத்தம் வரிசையாக எங்களை நோக்கி ஓடிவந்தது. முதலாளி கல்லாவிலிருந்து பாய்ந்து வந்து எங்கள் ஷட்டரை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். கடைக்குள் இருட்டு. அப்பா வெளியே இருந்தார்.

ஷட்டரை அப்பா மூன்று முறை தட்டினார். "மொதலாளி, தெறங்க. மொதலாளி." முதலாளி திறக்கவில்லை. நான் கத்த வாயெடுத்தேன். அவர் கை என் வாயைப் பொத்தியது. "சத்தம் போடாத பாப்பா. உள்ள ஆளு கீதுன்னு தெரிஞ்சா கடையோட கொளுத்திடுவானுங்க" என்று காதோடு சொன்னார். நான் அந்தக் கையைக் கடித்தேன், உப்புக்கரிக்கும்வரை கடித்தேன். அவர் கையை எடுக்கவில்லை. ஷட்டரின் ஒரு மூலை எப்போதோ லாரி இடித்து நசுங்கியிருந்தது. தரையோடு இருந்த அந்த இடைவெளியில் முகத்தை வைத்துத்தான் நான் மற்றதையெல்லாம் பார்த்தேன்.

சிவப்பு அங்கியில் இருப்பவன் எங்கே ஓடி ஒளிவான்? தெருவில் எல்லோரும் மறைந்துவிட, அப்பா மட்டும் பளபளவென்று நின்றுகொண்டிருந்தார். முதலில் சிரித்தார்கள். "தாத்தா, ஆடு தாத்தா" என்று ஒருவன் தடியால் முழங்காலில் தட்டினான். தாடியை இழுத்து இழுத்து விட்டார்கள். எலாஸ்டிக் இழுத்ததில் அது மோவாயில் போய்ச் சுளீர் சுளீரென்று அடித்தது. பிறகு ஒருவன் கேட்டான், "எந்த ஊருடா நீ?" அப்பா பொய் சொல்லியிருக்கலாம். எங்கள் தெருவின் பெயரைச் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நான் கால்களைத்தான் பார்த்தேன். அப்பாவைச் சுற்றி ஒரே கால்கள். அவை விலகியபோது தெரிந்த இருபது இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன், ஒட்டிய கன்னமும் நீலச் சட்டையுமாக, சைக்கிள் செயினைக் கையில் சுற்றிக்கொண்டு அடித்தான். செயின் விழும்போது சாட்டின் துணி கிழிகிற சத்தம் முதலில் கேட்கும். அப்பாவின் சத்தம் பிறகுதான். அவர் மண்டியிட்டு விழுந்து, தரையில் கையூன்றி, மறுபடி விழுந்தார். முகமெல்லாம் ரத்தம். கழுத்தில் தொங்கிய பஞ்சு சிவந்து ஒட்டிக்கொண்டது.

அந்த நேரத்தில் சின்னசேலத்திலிருந்து வந்த பஸ் ஒன்று தெருமுனையில் சிக்கிக்கொண்டது. கூட்டம் அப்பாவை அப்படியே போட்டுவிட்டு அங்கே ஓடியது. பயணிகளை இறக்கி விரட்டினார்கள். நீலச் சட்டைக்காரன் மண்ணெண்ணெய் டின்னோடு பஸ்ஸின் முன்பக்கம் ஏறி, உள்ளும் வெளியும் ஊற்றினான். தன் மேலும் சிந்திக்கொண்டான். அவன் இறங்குவதற்குள் யாரோ தீப்பந்தத்தை வீசிவிட்டார்கள்.

பஸ்ஸைவிட அவன்தான் முதலில் பற்றிக்கொண்டான். குதித்து ஓடிவந்தான். அவனோடு வந்தவர்களெல்லாம் அவனைப் பார்த்து எதிர்ப்பக்கம் ஓடினார்கள். அவன் ஒவ்வொரு கடையாக ஷட்டரில் போய் மோதினான். மூன்று ஷட்டர். ஒன்றும் திறக்கவில்லை. அவன் எழுப்பிய சத்தம் மனிதக் குரலாகவே இல்லை.

அப்பா எழுந்தார். எப்படி எழுந்தார் என்று எனக்கு இன்றும் தெரியாது. எதிரில் வெற்றிலைக் கடை. வெற்றிலை வாடாமலிருக்க அந்தக் கடையம்மா ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்திருப்பார். அப்பா அந்தச் சாக்குகளை வாரி எடுத்துக்கொண்டு நொண்டியபடி ஓடி, எரிந்துகொண்டிருந்தவனை மறித்து, அவன் மேல் போர்த்தி, அவனைக் கட்டிப் பிடித்தபடி தரையில் விழுந்து புரண்டார். அப்பாவின் தாடி பற்றியது. அங்கியின் கைகள் பற்றின. அந்தச் சிவப்புத் துணி எரிந்து சாம்பலாகவில்லை, சுருங்கியது. சுருங்கி, உருகி, அவர் கைகளோடு ஒட்டிக்கொண்டது. வெற்றிலைக்கார அம்மாதான் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். எல்லாம் அணைந்து புகை மட்டும் எழுந்துகொண்டிருந்தபோது முதலாளி ஷட்டரைத் தூக்கினார்.

நான் ஓடிப் போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொட எங்கேயும் இடம் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்து, "அவனுக்கு மூச்சு வருதா பாரு" என்றார். நான் பார்க்க மாட்டேன் என்று தலையாட்டினேன்.

இருவரையும் ஒரே தள்ளுவண்டியில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி அரசு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வண்டிச் சக்கரம் குழியில் இறங்கும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, நீலச் சட்டைக்காரனை உடனே சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். ஆனால் அன்று மத்தியானமே மறுபடி சாலையை மறித்துவிட்டார்கள். சேலம் சாலையில் மரங்கள் கிடந்தன; சங்கராபுரம் பக்கமும் அப்படித்தான். அவன் கூட்டாளிகள் வெட்டிப் போட்ட மரங்கள்தான் அவனுக்குக் குறுக்கே கிடந்தன. ஆகவே வாழையிலை விரித்த கட்டிலில், அப்பாவுக்கு அடுத்த கட்டிலில் அவனைப் போட்டார்கள். பெயர் செல்வராசு என்று சீட்டில் எழுதியிருந்தது. பன்னிரண்டாவது படித்துவிட்டு, போலீஸ் வேலைக்கு இரண்டு முறை போய் இரண்டு முறையும் கிடைக்காதவன் என்று நர்சம்மா சொன்னார்.

மறுநாள் அந்தோணி மாமா அம்மாவோடு கரும்புக் கொல்லைகள் வழியாகவே நடந்து வந்து சேர்ந்தார். அப்பாவைப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது.

"மாமா, இவன்தான். என் மண்டைய ஒடச்சவன் இவன்தான். இன்னும் மூச்சு உட்டுக்கினு கீறான்."

மடியிலிருந்து கரும்பு வெட்டும் கத்தியை எடுத்தார். அம்மா அவர் காலைக் கட்டிக்கொண்டாள். கட்டிலில் கிடந்தவனுக்குக் கண் தெரிந்தது. ஆனால் அசைய முடியவில்லை. அவன் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா முழங்கை வரை கட்டுப் போட்டிருந்த இரண்டு கைகளையும் மெத்தையில் ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். ஊன்றிய வலியில் அவர் வாய் கோணிப் போனது.

"அந்தோணி, வெட்டிட்டுப் போ. போறதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போ. அப்ப என் கை எதுக்குடா வெந்துச்சி?"

மாமா நின்றார். கத்தி பிடித்த கை தானாகத் தாழ்ந்தது. கட்டிலின் இரும்புச் சட்டத்தில் கத்தியை ஓங்கி ஒரு வெட்டு வெட்டிவிட்டு, அழுதுகொண்டே வெளியே போனார். அந்தச் சத்தத்தில் செல்வராசு கண்களை மூடிக்கொண்டான்.

அவனுக்கென்று யாரும் வரவில்லை. ஊர்த்தெரு ஆண்கள் போலீசுக்குப் பயந்து மலையேறிவிட்டார்கள். அவன் தாய்க்கு மகன் இருக்கும் இடமே தெரியாது. நெருப்பில் வெந்தவர்களுக்குத் தாகம் அடங்காது. "வாய ஈரம் பண்ணிக்கினே இருங்க, யாராவது" என்று நர்சம்மா சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்த யாராவது என்பதற்கு அங்கே எங்களைத் தவிர ஆளில்லை. அன்றும் மறுநாளும் நர்சம்மாவே வரும்போதெல்லாம் ஊற்றினார். நாங்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அம்மாவும்தான். அவள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

கிறிஸ்துமஸ் காலை. டவுன் கோயில் மணி ஆஸ்பத்திரி வரை கேட்டது. புத்தாடை இல்லை, பலகாரம் இல்லை. நேற்றைய பன்னும் கடுங்காப்பியும்தான். மணி அடித்து முடிந்ததும் அம்மா எழுந்தாள். டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு செல்வராசுவின் கட்டிலண்டை போய், கரண்டியை அவன் வாயருகே கொண்டுபோனாள்.

அவன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவன் உதடு வெடித்துப் போயிருந்தது. நாக்கு வீங்கியிருந்தது. ஆனாலும் எங்கள் கைத் தண்ணீர் அவனுக்கு ஆகவில்லை. அம்மா கரண்டியை எடுக்காமல் நின்றுகொண்டே இருந்தாள். நான் பாய்ந்து போய் அந்த டம்ளரைப் பிடுங்கி, அவன் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லாமல் தரையில் கவிழ்த்தேன். "சாவு" என்றேன்.

அம்மா என்னை அறைந்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னை அடித்ததில்லை. நான் சுவரில் போய் மோதி விழுந்தேன். காதுக்குள் மணி மறுபடி அடிப்பதுபோல் இருந்தது.

"இன்னிக்கி யாருடி பொறந்தாரு? இன்னாத்துக்குப் பொறந்தாரு? சொல்லுடி" என்று கத்தினாள். பிறகு கட்டில் பக்கம் திரும்பி, அதே குரலில் அவனிடமும் கத்தினாள். "எனக்கு மட்டும் ஆசையா ஒனக்குக் குடுக்கணும்னு? எம் புருசன நீ இன்னா பண்ணன்னு எனக்குத் தெரியாதா? குடிச்சா குடி, இல்லாங்காட்டி செத்துப் போ. நான் இங்கதான் நிப்பேன்."

டம்ளரை எடுத்துக் கழுவி, மறுபடி பானையில் மொண்டு வந்து நின்றாள். அப்பா கட்டிலில் கிடந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. செல்வராசு வாயைத் திறந்தான். அம்மா ஊற்றினாள். பாதி அவன் கழுத்தில் வழிந்தது. "இன்னும்" என்றான். அவன் எங்களிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அன்று மத்தியானம் அவன் தாய் வந்து சேர்ந்தார். காலெல்லாம் சிராய்ப்பு. "வெட்டிப் போட்ட மரத்தையெல்லாம் ஏறி ஏறி எறங்கி வந்தேன்" என்று நர்சம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், மகன் வாயருகே கரண்டியோடு நின்ற அம்மாவைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். அம்மா டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தத் தாய் அந்த டம்ளரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதிலேயே மகனுக்கு ஊற்றினார்.

அதற்கு மறுநாள் சாலை திறந்தது. செல்வராசுவைச் சேலத்துக்கு ஏற்றும் முன் இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் எழுத வந்தார். எங்கள் தெரு ஆட்கள் பத்துப் பேர் வராந்தாவில் நின்றார்கள். அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஒன்ன அடிச்சது யாருய்யா?"

"இவருதான். செயினால அடிச்சாரு. பொய் சொல்ல மாட்டேங்க. ஆனா எனக்குக் கேசு வேணாம்."

"இன்னாய்யா, பைத்தியமா நீ?"

"பாத்தது பாத்ததுதாங்க. கேசு வேணாங்கறது என் விருப்பங்க" என்றார் அப்பா.

பஸ்ஸை எரித்த வழக்கு அவன் மேல் இருக்கத்தான் செய்தது. அதற்காக அவன் பிறகு சிறைக்கும் போனான். அப்பாவின் புகார் மட்டும் அதில் இல்லை. எங்கள் தெரு அதை மன்னிக்கவில்லை. குடிசை எரிந்தவர்களின் சொந்தக்காரர்கள் அப்பாவைப் பார்த்தால் காறித் துப்பினார்கள். "அவன் கட்டிப் புடிச்சது அவுங்கள, நம்மள இல்ல" என்று ஒரு கிழவர் கோயில் வாசலிலேயே சொன்னார். அந்தோணி மாமா நான்கு வருடம் எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. அப்பா அவர்களைத் தாண்டிக் கோயிலுக்குள் போய்த் தூண் மறைவில் நின்றார். ஒரே ஒரு முறை, அம்மா அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, "எனக்கும் அவன் மேல கோவந்தான். இன்னும் போவல. நெருப்பு புடிச்சவன்கிட்ட எப்படி அதக் காட்டறது?" என்றார். அவர் நல்லவர் என்பதால் சுலபமாகச் செய்துவிட்டார் என்று நினைத்திருந்த எனக்கு, அந்தப் பேச்சு பயமாக இருந்தது.

அப்பாவின் வலது கையில் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மோவாய்க்குக் கீழே தோல் மெழுகு உருகி உறைந்தது போலாயிற்று. அடுத்த டிசம்பர் பிறந்ததும் முதலாளி ஆள் அனுப்பினார். நானும் அப்பாவோடு போனேன். கடை வாசலில் புதுப் பலகை ஒன்றைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். துணியை விலக்கிக் காட்டினார். தழலுக்கு நடுவே சிவப்பு அங்கிக்காரன் ஒருவன் கையை விரித்து நிற்பதுபோல் பெயிண்டர் வரைந்திருந்தார். "தீயில் குதித்து உயிர் காத்த கிறிஸ்துமஸ் தாத்தாவை நேரில் காண வாருங்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. புது அங்கியும் தைத்துத் தயாராக இருந்தது.

"தாடி வேணாம் பாக்கியம். மொகம் தெரியணும். ஜனங்க பாக்கணும்" என்றார் முதலாளி. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்பாவுக்கு மறுபடி வேலை கொடுக்கிறோம் என்ற சந்தோஷம் அவர் முகத்தில் உண்மையாகவே இருந்தது. அவர் கையில் என் பல் பதிந்த தழும்பும் இருந்தது.

அப்பா அந்தப் பலகையை எழுத்துக் கூட்டி முழுதும் படித்தார். பிறகு சொன்னார்: "ஷட்டர எப்பத் தெறந்தீங்கன்னும் இதுல எழுதுங்க மொதலாளி. அப்ப வந்து நிக்கறேன்."

முதலாளி துணியை எடுத்துப் பலகையை மூடினார். நாங்கள் பஸ் ஏறி வந்துவிட்டோம்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கல்வராயன் மலைமேல் இருந்தோம். வெள்ளிமலைக்கு அப்பால் மலைப்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்றில் சாமியார் அப்பாவைக் காவலுக்குச் சேர்த்துவிட்டிருந்தார். அங்கே கடை கிடையாது. பனி இறங்கிய காலையில் பிள்ளைகள் சாமையரிசிக் கஞ்சியைக் குடித்துவிட்டு, குரல் உடைய உடையப் பாடினார்கள். அப்பா தூண் மறைவில் நின்றார். அவருக்கு அது பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் கடைத்தெருவின் விளக்குகளை நினைத்து அழுதேன். கீழே மறுபடி மரங்கள் சாய்ந்தன, மறுபடி பஸ்கள் எரிந்தன. எங்கள் தெருவுக்கு மட்டும் நெருப்பு வரவில்லை. அதற்கு அப்பாதான் காரணம் என்றார்கள் சிலர். போலீஸ் பந்தோபஸ்துதான் காரணம் என்றார் மாமா. எனக்குத் தெரியாது.

இப்போது நான் சேலத்தில் ஆசிரியை. கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகராகிவிட்டது. போன டிசம்பரில் அந்தக் கடைத்தெரு வழியாகப் போனேன். கடைக்குக் கடை, பேட்டரியில் இடுப்பை ஆட்டும் பிளாஸ்டிக் தாத்தாக்கள் நின்றிருந்தார்கள். எங்கள் பேன்சி ஸ்டோர் இருந்த இடத்தில் செல்போன் கடை. வெற்றிலைக் கடை இருந்த அடையாளமே இல்லை. முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிக் காலத்தில் எங்கள் தெருவுக்கே திரும்பியிருந்த அப்பா போய் ஆறு வருடமாகிறது. அம்மா அவருக்கும் முன்னால் போனாள்.

சேலம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அறுபதைத் தொடும் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துத் தோல் இழுத்து, மோவாய் மார்பை நோக்கி வளைந்திருந்தது. ஒரு பக்கம் சாய்ந்துதான் அவரால் என் முகத்தைப் பார்க்க முடிந்தது.

"நீங்க பாக்கியநாதன் பொண்ணுதான?"

அவர் எங்கள் வீட்டுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியதும் இல்லை. அதைப் பற்றி எனக்குள் பல வருடங்கள் ஒரு கசப்பு இருந்தது. ஆமாம் என்றேன். அப்பா இறந்துவிட்டார் என்று சொல்லத் தொடங்கினேன்.

"தெரியும்மா. பெட்டி தூக்கினப்போ ஒங்க தெருமுனையிலதான் நின்னுக்கினு இருந்தேன். மால வாங்கினு வந்தேன். உள்ள வர கால் வரல" என்றார்.

வெட்கத்தினாலா, பழைய தீட்டினாலா, எங்கள் ஆட்கள் மேலிருந்த பயத்தினாலா என்று நான் கேட்கவில்லை. மாலையை என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"எல்லாரும் போன பின்னாடி கல்லறைக்குப் போனேன். புதுக்குழி ரெண்டு இருந்திச்சி. எது அவருதுன்னு தெரியல. கேக்கவும் ஆளில்ல. ரெண்டா அறுத்து ரெண்டுலயும் போட்டுட்டு வந்துட்டேன்."

சேலம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசிலடித்தார். நான் ஏறவில்லை. கல்லறைத் தோட்டம் அங்கிருந்து முக்கால் மணி நேரம். "வாங்கண்ணே, எதுன்னு காட்டறேன்" என்றேன். இருவரும் தெருவைக் கடந்து, வடக்கனந்தல் பஸ் நிற்கும் பக்கம் போனோம்.